கத்தரிக்கோலில் பூத்த தோட்டம்

72 வயதில் ஒரு பெண்மணி என்னதான் செய்வாள்? பேத்திக்குத் தலை பின்னிவிடுவாள். ஆவக்காய்க்கு உப்புப் போதுமா என்று பார்த்துச் சொல்வாள். மத்தியான வேளையில், நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட மூக்குக் கண்ணாடியை வீடு முழுவதும் தேடுவாள். அந்த வயதில் புதிதாக ஒரு கலையில் இறங்கினாள், பத்து வருஷத்தில் 985 சித்திரங்கள் செய்தாள் என்று யாராவது சொன்னால், "சும்மா இருங்கள்!" என்றுதானே சொல்லத் தோன்றும்?

ஆனால் இது உண்மையில் நடந்தது. கையில் ஒரு கத்தரிக்கோல், எதிரில் வர்ணக் காகிதம், கொஞ்சம் பசை, இவ்வளவுதான் அந்த அம்மாளின் மூலதனம். அவர் செய்த பூக்கள் 250 வருஷங்களுக்குப் பிறகும் வாடாமல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இரண்டு விவாகங்கள்

அம்மாளின் பெயர் மேரி டெலானி. 1700-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். குடும்பத்துக்குப் பெயர் இருந்தது, பணம் இல்லை. ஆகவே 17-வது வயதில் அவரை ஏறக்குறைய 60 வயதான பெண்டார்விஸ் என்ற கனவானுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இந்த மாதிரிக் கதைகள் நம் ஊருக்கு மட்டுமே சொந்தம் என்றல்லவா நாம் நினைத்துக் கொண்டிருந்தோம்! மாப்பிள்ளைக்குக் குடியும் உண்டு, சந்தேகமும் உண்டு. 1725-ல் அவர் கண்ணை மூடியபோது, மனைவிக்குப் பெரிதாக எதையும் எழுதி வைக்கவில்லை.

பதினெட்டு வருஷங்கள் தனிமை. பிறகு 1743-ல், 43-வது வயதில், பாட்ரிக் டெலானி என்ற அயர்லாந்துப் பாதிரியாரை மணந்து கொண்டார். உறவினருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் இந்த முறை அம்மாளுக்கு வாய்த்தவர் தங்கமான மனிதர். டப்ளின் நகரத்துக்கு அருகில் தோட்டத்தோடு கூடிய வீடு. அம்மாள் பூவேலை செய்வார், படம் எழுதுவார், கிளிஞ்சல்களை ஒட்டிச் சுவரை அலங்கரிப்பார். எதைச் செய்தாலும் அருகில் நின்று பார்த்து, "பேஷ்!" என்று சொல்லக் கணவர் இருந்தார்.

1768-ல் அவரும் போய்விட்டார். அம்மாளுக்கு அப்போது 68 வயது.

அதற்குப் பின் நேர்ந்ததை அம்மாளே பின்னாளில் தம் ஆல்பத்தின் முன்னுரையில் குறித்து வைத்திருக்கிறார். முன்பெல்லாம் தமக்கு இன்பம் தந்த பொழுதுபோக்குகள் அந்தச் சக்தியை இழந்துவிட்டன; எவருடைய பாராட்டு தமக்குப் பெருமையாக இருந்ததோ, எவருடைய பாராட்டால் அந்த வேலைகளுக்கே ஒரு மதிப்பு உண்டாயிற்றோ, அவர் இப்போது இல்லை. இதுதான் அவர் எழுதியதன் சாரம்.

படித்துவிட்டுச் சற்று யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளிலும் எத்தனை கைகள் இப்படி ஓய்ந்து போயிருக்கின்றன! அழகாகப் பின்னல் போட்ட அம்மா, ஒருவர் போன பிறகு ஊசியையே தொடுவதில்லை. வீணையை உறை போட்டு மூலையில் சாய்த்துவிட்டவர்கள் உண்டு. கேட்டால், "யாருக்காகச் செய்ய வேண்டும்?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்வது கஷ்டம். டெலானி அம்மாள் கையால் பதில் சொன்னார்.

சிவப்புக் காகிதம்

போர்ட்லண்டு சீமாட்டி அம்மாளின் ஆப்த சிநேகிதி. கணவரை இழந்தவரைத் தனியே விட மனமில்லாமல், புல்ஸ்ட்ரோடு என்ற தம் மாளிகைக்கு அழைத்து வைத்துக் கொண்டார். சீமாட்டிக்குச் செடிகொடிகளில் பைத்தியம். தாவர சாஸ்திரிகள் அங்கே வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

1772-ல் ஒரு நாள், மேஜைமேல் கிடந்த சிவப்புக் காகிதமும் அருகிலிருந்த ஜெரேனியம் பூவும் ஒரே நிறமாக இருப்பதை அம்மாள் கவனித்தார். சும்மா விளையாட்டாகக் கத்தரிக்கோலை எடுத்து, இதழ் இதழாக வெட்டி ஒட்டினார். உள்ளே வந்த சீமாட்டி, காகிதத்தை நிஜப் பூவென்றே நினைத்துவிட்டாராம்! அந்த வருஷமே அம்மாள் தம் தங்கை மகளுக்குக் கடிதம் எழுதினார், பூக்களைப் போலவே செய்ய ஒரு புது வழி கண்டுபிடித்திருப்பதாக.

அவர் வேலை செய்த விதத்தைக் கேளுங்கள். செடியை எதிரே வைத்துக் கொள்வார். இதழ், மகரந்தக் காம்பு, புல்லி, இலை, இலையின் நரம்பு, தண்டு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் வெட்டுவார். ஒரே இதழில் வெளிச்சம் படும் இடத்துக்கு இளநிறம், நிழலுக்கு அழுத்தமான நிறம் என்று துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். அபூர்வமாக எங்காவது தூரிகையால் ஒரு தொடுகை. சில படங்களில் நிஜ இலையையே ஒட்டியிருக்கிறார். பின்னணி எப்போதும் கன்னங்கரேலென்ற கறுப்பு. அந்தக் கறுப்பில் பூக்கள் இருட்டில் ஏற்றி வைத்த விளக்குகள் போலத் தெரிகின்றன. 1777-ல் செய்த ஒரு படத்தின் பூவில் மட்டும் 230 துண்டுகளுக்கு மேல் இருக்கின்றன என்றால் பொறுமையைப் பார்த்துக் கொள்ளுங்கள்!

காகிதத்துக்கு என்ன செய்தார்? சீனாவிலிருந்து வரும் கப்பல் தலைவர்களிடம் வாங்கினார். காகிதத்துக்குச் சாயம் ஏற்றுபவர்களிடம், வர்ணம் ஒன்றோடொன்று கலந்து வீணாய்ப் போன தாள்களையும் விலைக்குக் கேட்டு வாங்கினார். அவர்களுக்குக் கழிவு, இவருக்கோ அதுதான் பூவில் ஓடும் நிற வேற்றுமை!

செய்தி பரவிற்று. மூன்றாம் ஜார்ஜ் மன்னரும் ஷார்லட் ராணியும் கியூ தோட்டத்திலிருந்து அபூர்வச் செடிகளை அனுப்பினார்கள். புகழ்பெற்ற தாவர சாஸ்திரி ஜோசப் பாங்க்ஸ், ஒரு செடியைப் பிழையில்லாமல் விவரிக்க இந்தக் காகிதப் பூக்களை நம்பலாம் என்று கருதினார். ஆயிரம் பூக்கள் செய்துவிட வேண்டும் என்பது அம்மாளின் ஆசை. சராசரியாக நாலு நாளைக்கு ஒன்று வீதம் 985 முடிந்தன. 1782-ல் கண் பார்வை இடம் கொடுக்கவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பின் ஆறு வருஷம் வாழ்ந்து, 1788-ல் காலமானார். அவருடைய தங்கை வம்சத்தில் வந்த லேடி லானோவர் பாதுகாத்து வந்த ஆல்பங்கள், 1897-ல் அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தன.

நம் நாட்டிலும் ஒருவர்

வெட்டி ஒட்டும் இந்தச் சித்திரத்தை இப்போது "கொலாஜ்" என்கிறார்கள். ஒட்டுவது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். 1912-ல் பிக்காஸோவும் பிராக்கும் தங்கள் ஓவியங்களில் காகிதத்தையும் பிற பொருள்களையும் ஒட்டியபோது கலையுலகம் பரபரப்படைந்தது. டெலானி அம்மாள் அதற்கு 140 வருஷம் மூத்தவர்!

கண் மங்கியதும் அம்மாள் நிறுத்திவிட்டார். கண்ணே போன பிறகு கத்தரிக்கோலை எடுத்தவர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். சாந்திநிகேதனத்தின் பெரிய ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி. சிறு பிராயம் முதலே அவருக்குப் பார்வை குறைவு. பிற்பாடு கண்ணில் செய்த ஒரு சிகிச்சைக்குப் பின் முழுப் பார்வையும் போய்விட்டது. ஓவியருக்கு இதைவிடப் பெரிய இடி வேண்டுமா? ஆனால் காகிதத்தின் ஓரத்தை விரல் அறியுமல்லவா? வடிவங்களைக் கத்தரித்து, தடவிப் பார்த்து, ஒட்டி, படங்கள் செய்துகொண்டே இருந்தார். அவரிடம் படித்த சத்யஜித் ராய் 1972-ல் அவரைப் பற்றி ஒரு குறும்படமே எடுத்தார்.

நாமும் செய்யலாம்

வாசலில் கோலம் போட்டுப் பழகிய கைக்கு அளவும் ஒழுங்கும் யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. காகிதத்துக்கும் பஞ்சமில்லை. பழைய கல்யாணப் பத்திரிகை, போன வருஷத்துக் காலண்டர், ஜவுளிக்கடைப் பை, பரிசுப் பொருள் சுற்றி வந்த தாள், எல்லாமே உதவும். செய்தித்தாள் மட்டும் சீக்கிரம் பழுப்பேறிவிடும். தொடர்கதை முடிகிற வரையில் பத்திரிகையிலும் கத்தரிக்கோல் வைக்காதீர்கள். வீட்டில் கலகம் வரும்!

முதலில் பெரிய காட்சி எதுவும் வேண்டாம். ஒரு செம்பருத்தியைப் பறித்துத் தம்ளர் தண்ணீரில் வைத்துக் கொள்ளுங்கள். அதற்கு எத்தனை இதழ்? நடுத்தண்டின் நுனி எத்தனையாகப் பிரிகிறது? தினம் பறித்துப் பூஜைக்கு வைக்கிற நமக்கே சட்டென்று சொல்ல வராது. இதழும் ஐந்து, நுனியும் ஐந்து. இப்படி உற்றுப் பார்ப்பதுதான் இந்தக் கலையில் பாதி.

சிவப்பில் மூன்று வகைத் தாள் தேடுங்கள்: இளசு, நடுத்தரம், அழுத்தம். வெட்டிய துண்டுகளைக் கறுப்புத் தாளின்மேல் முதலில் சும்மா அடுக்கிப் பாருங்கள். மனசுக்குப் பிடித்த பிறகே பசை. மைதா மாவைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சிய பசை போதும். ஆறிய பின் மெல்லியதாகத் தடவுங்கள். பூச்சி வராமல் இருக்கச் சிலர் துளி மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷம், குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். ஒட்டி முடித்ததும் மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்து, கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு விட்டால் சுருங்காது. படத்தை வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், நிறம் வெளுத்துவிடும்.

முதல் பூ கோணலாக வரலாம். வந்தால் என்ன? யாருக்கும் விற்கப் போவதில்லை. போட்டிக்கும் அனுப்பப் போவதில்லை. அந்த ஒரு மணி நேரம் மனசு வேறெங்கும் ஓடாமல் ஓர் இதழின் ஓரத்தில் நின்றதே, அந்த லாபம் கையோடு வந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. டெலானி அம்மாள் படங்களின் பின்புறத்தில், செடியின் பெயர், செய்த தேதி, செய்த இடம், செடியைக் கொடுத்தவர் பெயர் என்று எழுதி வைப்பது வழக்கம். நீங்களும் எழுதி வையுங்கள். "அக்கா கல்யாணப் பத்திரிகையிலிருந்து வெட்டிய சிவப்பு, ஆடி மாதம், கொல்லைப்புறச் செம்பருத்தி." என்றோ ஒரு நாள் உங்கள் பேத்தி அதைத் திருப்பிப் பார்ப்பாள்.