‘ஹை ரிஸ்க்’ என்று எழுத மறுத்த அம்மா

எங்க ஆபீஸ் செக்யூரிட்டி டெஸ்க்கில் இருப்பவர் ஹெய்ட்டிக்காரர். ராத்திரி ரிலீஸ் இருக்கும் நாட்களில் கட்டிடத்தில் நானும் அவரும் மட்டும்தான். அந்தப் பழக்கத்தில் ஒருநாள் கேட்டார்: “நீங்க கம்ப்யூட்டர் ஆள்தானே? எங்க சங்கத்துக்கு ஒரு ஃபாரம் அப்லோடு பண்ணித் தரணும். ரெண்டு மணி நேர வேலை.”

அந்த ரெண்டு மணி நேரம் ஐந்து வாரம் ஆனது.

அமெரிக்காவில் ஹெய்ட்டிக்காரர்கள் அதிகம் வாழும் இடங்கள் என்றால் மயாமி, நியூயார்க்கின் புரூக்ளின், அடுத்து எங்கள் பாஸ்டன். இங்கே மாட்டபான் பகுதியில், ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகளில் அந்தச் சங்கம் இருக்கிறது. இங்கிலீஷ் வகுப்பு, வரிக் கணக்கு உதவி, கூடவே எச்.ஐ.வி. தடுப்பு வேலை. நடத்துபவர் ரிட்டயர்டு நர்ஸ், அறுபது வயதைத் தாண்டியவர். எல்லாரும் அவரை ‘மதாம்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். எச்.ஐ.வி. தடுப்புக்கு மத்திய அரசு மானியம் அறிவித்திருக்கிறது, விண்ணப்பிக்க வேண்டும். நான் சாஃப்ட்வேர் ஆசாமி. ஃபாரம் என்றால் பெயர், முகவரி, சப்மிட் என்று நினைத்துப் போனேன். அறிவிப்பே நாவல் சைசில் இருந்தது. தேவை என்ன என்று ஒரு அறிக்கை, வேலைத் திட்டம், மதிப்பீட்டுத் திட்டம், வரிக்கு வரி விளக்கத்தோடு பட்ஜெட், பக்கத்து மருத்துவமனையோடு போட்ட ஒப்பந்தக் கடிதம். பக்க வரம்பைத் தாண்டினால் மிச்சத்தைப் படிக்கவே மாட்டார்கள்.

அதற்கும் முன்னால் அரசுப் பதிவு எண் வேண்டும். 2022 ஏப்ரலில் பழைய டன்ஸ் எண்ணைத் தூக்கிவிட்டு யு.இ.ஐ. என்று புது எண் கொண்டுவந்தார்கள். சங்கத்தின் பெயரும் முகவரியும் எல்லாக் காகிதத்திலும் எழுத்து மாறாமல் இருந்தால்தான் பதிவு நடக்கும். எங்கள் காகிதங்களில் ஒன்றில் பழைய முகவரி, இன்னொன்றில் பெயருக்குப் பின்னால் ‘இன்க்’ இல்லை. தவறு எங்களுடையதுதான். ஆனால் அதைச் சரிசெய்யவே மூன்று வாரம் போனது. பெரிய ஆஸ்பத்திரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இதற்கென்றே தனி டிபார்ட்மென்ட் உண்டு. இங்கே மதாமும் ஒரு பழைய லேப்டாப்பும்தான். சின்னச் சங்கங்கள் பல இந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன என்று அப்போதுதான் புரிந்தது.

இதெல்லாம் எனக்குப் பழகிய தலைவலிதான். நான் எதிர்பார்க்காத தலைவலி ஒரே ஒரு வாக்கியத்தில் வந்தது.

தேவை அறிக்கையின் முதல் வரியாக நான் எழுதியிருந்தேன்: ‘ஹெய்ட்டியக் குடியேறிகள் எச்.ஐ.வி. அபாயம் அதிகம் உள்ள பிரிவினர்.’ மானியம் கேட்கிறோம், அபாயத்தைச் சொல்லித்தானே ஆகவேண்டும்? மதாம் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இந்த வரியில என் கையெழுத்து விழாது” என்றார்.

காரணம் கேட்டேன். அன்று ராத்திரி பத்து மணி வரை பேசினார்.

1983-ல் அமெரிக்க அரசின் சுகாதாரத் துறை எய்ட்ஸ் அபாயம் அதிகம் உள்ளவர்கள் என்று பட்டியல் போட்டபோது, ஓரினச் சேர்க்கையாளர், போதை ஊசி போடுபவர், ரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள் ஆகியோரோடு ஹெய்ட்டிக்காரர்களையும் சேர்த்தது. இங்கிலீஷில் நான்குமே ‘எச்’ எழுத்தில் ஆரம்பிப்பதால் ‘ஃபோர் எச்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு பழக்கத்தையோ ஒரு நோயையோ வைத்து அல்ல, பிறந்த நாட்டை வைத்து ஒரு ஜனத்தையே பட்டியலில் போட்டார்கள். வேலை போனது, வீடு வாடகைக்குக் கிடைக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அடிவாங்கினார்கள். 1985-ல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஊர் வாயிலிருந்து எடுக்க முடியவில்லை.

1990 பிப்ரவரியில் இன்னொரு அடி. ஹெய்ட்டிக்காரர் யாரும் ரத்த தானம் செய்யக்கூடாது என்று உணவு மருந்து நிர்வாகம் சொன்னது. அந்த ஏப்ரல் 20-ம் தேதி பல்லாயிரம் பேர் புரூக்ளின் பாலத்தைக் கடந்து மன்ஹாட்டனுக்கு ஊர்வலம் போனார்கள். மதாமும் பாஸ்டனிலிருந்து பஸ் பிடித்துப் போயிருக்கிறார். அப்போது ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. “அடுத்தவங்களுக்கு ரத்தம் ஏத்துறது நான். என் ரத்தம் மட்டும் ஆகாதாம்” என்றார். அந்த வருஷ டிசம்பரில் தடையை வாபஸ் வாங்கினார்கள். அதோடும் முடியவில்லை. 1991 ராணுவப் புரட்சிக்குப் பிறகு படகில் தப்பி வந்தவர்களில், எச்.ஐ.வி. இருந்த இருநூறுக்கும் மேற்பட்டவர்களைக் குவான்டனாமோவில் முள்வேலிக்குள் வைத்திருந்தார்கள். 1993-ல் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

இதைக் கேட்டுவிட்டு அந்த வரியை எப்படி வைத்திருப்பது? ஆனால் அதை எடுத்துவிட்டால் பணம் எப்படி வரும்? நோய் இருக்கிறது என்றால் பழி, இல்லை என்றால் மானியம் இல்லை.

நம்மூரும் இதைக் கடந்து வந்த ஊர்தான். இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதன்முதலில் கண்டுபிடித்தது 1986-ல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது ரோட்டுக்கு ரோடு புள்ளிராஜா விளம்பரப் பலகை. நாங்கள் சிரித்தோம், பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இப்போது நான் செய்யும் வேலையைப் போனில் சொன்னபோது எங்கம்மா கேட்ட முதல் கேள்வி: “டேய், அங்கெல்லாம் போய் ஏதும் சாப்பிடாதடா.” படித்த குடும்பம்தான் எங்களுடையது. அம்மாவைக் குறை சொல்லி என்ன, சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நான் இன்றுவரை இதைப் போடவில்லை.

டேட்டாவைத் தேடினேன், அதுதானே என் தொழில். அரசுப் புள்ளிவிவரத்தில் பெரும்பாலும் ‘கறுப்பினத்தவர்’ என்று ஒரே கட்டம். அதில் ஹெய்ட்டி எங்கே? சில அறிக்கைகளில் ‘வெளிநாட்டில் பிறந்தவர்’ என்ற வரி உண்டு. இங்கேயே பிறந்த பிள்ளைகள் அதிலும் இல்லை. பழி சுமத்தும்போது தனிப் பெயர், உதவி செய்யும்போது பெயரே இல்லை.

பிறகு மதாமின் பழைய நோட்டுப் புத்தகங்களைப் பிரித்தோம். பேர் இல்லாமல், வருகைக் குறிப்பு மட்டும் எழுதியிருந்தார். அதில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. வந்தவர்களில் பலர் உடம்பு ரொம்ப முடியாமல் போன பிறகுதான் முதல் பரிசோதனைக்கே போயிருக்கிறார்கள். ஏன் தாமதம்? எச்.ஐ.வி. இருப்பவர்கள் குடியேற அமெரிக்கா 1987 முதல் போட்டிருந்த தடை 2010 ஜனவரியில் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் பாசிட்டிவ் வந்தால் நாடு கடத்திவிடுவார்கள் என்று இன்னும் நம்புகிறார்கள். கையில் கிடைக்கும் நோட்டீஸ் பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. அவர்கள் வீட்டில் பேசுவது கிரியோல். நம்ம பாட்டி கையில் இங்கிலீஷ் நோட்டீஸைத் திணித்தது மாதிரி. அதோடு, ‘சிடா’ என்று போர்டு மாட்டிய கதவுக்குள் யார் நுழைவார்கள்?

மூன்று ராத்திரி உட்கார்ந்து வரியை மாற்றினோம். ஹெய்ட்டிக்காரர்களுக்கு அபாயம் அதிகம் என்பது போனது. பரிசோதனை அவர்கள் மொழியில் இல்லை, பழைய பட்டியல் விதைத்த பயம் அவர்களைத் தாமதப்படுத்துகிறது, தாமதம்தான் ஆபத்து என்று வந்தது. திட்டமும் அதற்கேற்ப மாறியது. சனிக்கிழமை பிரஷர், சுகர் பார்க்கும் முகாம், அதே மேசையில் எச்.ஐ.வி. பரிசோதனை. நோய் வராமல் தடுக்கும் பிரெப் மாத்திரை பற்றி கிரியோல் ரேடியோவில் பேச்சு. மதாம் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார், கையெழுத்துப் போட்டார்.

கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. மதிப்பீட்டுத் திட்டம் பலவீனம், நிர்வாகத் திறன் போதாது என்று குறிப்பு வந்தது. உண்மைதான், எங்களிடம் கணக்கர் கூட இல்லை. அதே அறிக்கையைச் சுருக்கி, அடுத்த வருஷம் உள்ளூரில் ஒரு சின்ன மானியத்துக்குப் போட்டோம். கிடைத்தது. முதலில் நீங்கள் செலவு செய்யுங்கள், பில் அனுப்பினால் பிறகு தருகிறோம் என்கிற வகை. முதல் மூன்று மாதச் சம்பளத்தை ஒரு சர்ச் கைமாற்றாகக் கொடுத்தது.

இப்போது சனிக்கிழமை முகாமில் ஒரு பகுதிநேர ஊழியர் இருக்கிறார். செக்யூரிட்டி நண்பர் நாற்காலி போடுகிறார். போன மாதம் நானும் வரிசையில் உட்கார்ந்து விரலை நீட்டினேன், முப்பத்தாறு வயதில் முதல் தடவையாக. மதாம் சிரித்தபடி குத்தினார்.

அந்த அரசுப் பதிவை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அடுத்த கெடு மார்ச்சில். ஆபீஸ் காலண்டரிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.