ட்ரிப்ஸ் சக்கரத்தைத் திருகாதீங்க!

"பாட்டில்ல இன்னும் பாதி இருக்கே... சக்கரத்தைக் கொஞ்சம் தளர்த்தி விட்டா சீக்கிரம் முடிஞ்சிடாதா?"

ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சிலர் கேட்பதுகூட இல்லை. நர்ஸ் அந்தப் பக்கம் நகர்ந்ததும் தாங்களே திருகி விடுகிறார்கள். இது ஆபத்து. ஏன் தெரியுமா?

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். சொட்டுநீர்ப் பாசனத்தில் மோட்டார் அதேதான், தண்ணீரும் அதேதான். ஆனால் சொட்டும் துளையில் லேசாக உப்புப் படிந்தால் போதும், அந்தக் கொடி வாட ஆரம்பித்துவிடும்.

குழாய்க்கும் ஓட்டத்துக்கும் உள்ள இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் டாக்டர்! பிரான்ஸைச் சேர்ந்த பாய்சொய். மெல்லிய ரத்தக்குழாய்களில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று அறிவதற்காக, நூல் போன்ற கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை விட்டு அளந்து, 1840-களில் முடிவுகளை வெளியிட்டார். 1839-லேயே ஜெர்மன் என்ஜினீயர் ஹாகனும் இதே முடிவுக்கு வந்திருந்தார்.

மெல்லிய குழாயில் சீராக ஓடும் திரவத்துக்கு அவர்கள் சொன்ன கணக்கு இதுதான்:

அழுத்தம் இரு மடங்கானால் ஓட்டமும் இரு மடங்கு. குழாயின் நீளம் இரு மடங்கானால் ஓட்டம் பாதி. திரவத்தின் பிசுபிசுப்பு இரு மடங்கானாலும் பாதி. ஆனால் குழாயின் அகலம் இரு மடங்கானால் ஓட்டம் 2 x 2 x 2 x 2, அதாவது 16 மடங்கு!

ட்ரிப்ஸ் சக்கரம் செய்வது குழாயை நசுக்குவதுதான். நீங்கள் திருகுவது துளிதான், ஓட்டமோ எங்கேயோ போய்விடும். 20 சொட்டு 1 மில்லி என்ற செட்டில், 500 மில்லி சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற நிமிடத்துக்குச் சுமார் 21 சொட்டு போதும். அவசரப்பட்டுத் திறந்துவிட்டால், இதயமோ சிறுநீரகமோ பலவீனமான பெரியவருக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் வரலாம். குழந்தைகளுக்கும் இது ஆபத்துதான்.

"அப்படின்னா, குமுளி மலைப்பாதையில் அடிபட்டு வர்றவருக்கு மட்டும் வேகமா ஏத்துறாங்களே?" வேகம் அங்கே உயிர் காக்கும். அதனால்தான் அவருக்குத் தடித்த, குட்டையான ஊசிக்குழல் போடுகிறார்கள். ரத்தம் தண்ணீரைவிட மூன்று, நான்கு மடங்கு பிசுபிசுப்பானது. ஒல்லி ஊசியில் அது மெதுவாகத்தான் இறங்கும்.

பாத்ரூம் போகும்போது பாட்டிலைக் கைக்குக் கீழே இறக்காதீர்கள். அழுத்தம் தலைகீழாகி ரத்தம் குழாயில் ஏறிவிடும். சொட்டு நின்றாலோ, ஊசி போட்ட இடம் வீங்கினாலோ, நடுக்கம், மூச்சிரைப்பு வந்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

சொட்டுகளை எண்ணுங்கள், தப்பில்லை. சக்கரத்தில் மட்டும் கை வேண்டாம்!