அழைப்புகளின் கணக்கும் ஊராட்சியின் கடமையும்

கரிசல் பூமியில் மழையை நம்பிப் பயிர் செய்யும் உழவர்களுக்குக் காலமே முதல் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. புரட்டாசியில் விதைத்த பயிர், வடகிழக்குப் பருவமழை தந்த ஈரத்தைக் கொண்டே அறுவடை வரை நிற்க வேண்டும். இடையில் பூச்சி விழுந்து பயிர் போனால், அவ்வாண்டில் மறுபடியும் விதைக்க வேறு பட்டம் இல்லை.

2018-ஆம் ஆண்டில் நம் நாட்டிற்குப் புதிதாக வந்த படைப்புழு, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டிலும் பரவி மக்காச்சோளத்திற்குப் பெருஞ்சேதம் விளைவித்ததை உழவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்புழுவை இளம் பருவத்தில் கண்டுகொண்டால் அடக்கலாம். குருத்துக்குள் புகுந்து வளர்ந்துவிட்டால் மருந்து எட்டுவதே கடினம். ஆகவே, ஓர் ஊரில் புழு தோன்றிய செய்தி அடுத்த ஊருக்கு எத்தனை நாளில் சென்று சேருகிறது என்பதைப் பொறுத்தே பலருடைய வெள்ளாண்மை தப்பும். இதற்குத் தொலைபேசி அழைப்பு மையத்தின் பதிவேடு எவ்வாறு பயன்படும் என்பதை இங்கு விளக்குவோம்.

அழைப்பு பதிவாகும் முறை

மத்திய அரசு 2004 ஜனவரி 21-ஆம் நாள் கிசான் கால் சென்டர் என்னும் உழவர் அழைப்பு மையத் திட்டத்தைத் தொடங்கியது. 1800-180-1551 என்ற எண்ணில், காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அழைப்பவரின் மாவட்டம், வட்டாரம், பயிர், ஐயத்தின் வகை, கேட்ட கேள்வி, சொல்லப்பட்ட விடை, நாள், நேரம் ஆகியவை கணினியில் தனித்தனிக் கட்டங்களில் பதிவாகின்றன. அடங்கலில் புல எண்வாரியாகப் பயிர் எழுதப்படுவது போல, இதில் ஓர் அழைப்புக்கு ஒரு வரி என்று கொள்ளலாம். இத்தகைய பதிவேட்டையே தரவுத்தளம் என்கிறோம்.

பதிவேட்டைக் கேட்கும் விதம்

பதிவேடு தானாகப் பேசாது. முறையாகக் கேட்டால்தான் விடை சொல்லும். "தூத்துக்குடி மாவட்டத்தில், கடந்த 7 நாள்களில், மக்காச்சோளப் பூச்சி குறித்து வந்த வரிகளை மட்டும் எடு, அவற்றை வட்டாரவாரியாகப் பிரி, ஒவ்வொன்றிலும் எத்தனை என எண்ணு" என்று கட்டளையிட வேண்டும். எஸ்.க்யூ.எல். என்னும் கணினி மொழியில் இதனைச் சில வரிகளில் எழுதிவிடலாம். கோவில்பட்டி, கயத்தாறு, விளாத்திகுளம், புதூர், ஓட்டப்பிடாரம் ஆகிய ஒவ்வொரு வட்டாரத்திற்கும் ஓர் எண் கிடைக்கும். முந்தைய வாரத்து எண்ணை அதனருகில் வைத்துப் பார்த்தால், எங்கே தொல்லை ஏறுகிறது என்பது புலப்படும்.

இதே கேள்வியைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கணினியே கேட்டு, விடையைத் திரையில் காட்டுமாறு செய்தால், அதுவே உடனடித் தகவல் பலகையாகும். ஆயினும், அழைப்புகள் பதிவாகிக்கொண்டிருக்கும் மூலப் பதிவேட்டையே ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தால் பதிவு வேலை தடைப்படும். ஆதலின் அதன் நகல் ஒன்றை வைத்துக் கேட்பதும், சென்றமுறைக்குப் பின் வந்த புதிய வரிகளை மட்டும் கூட்டிக்கொள்வதும் நல்ல முறைகளாகும். அரசின் திட்டங்களை இவ்வாறு திரையில் கண்காணிக்க, சென்னைத் தலைமைச் செயலகத்தில் 2021 டிசம்பரில் முதலமைச்சரின் தகவல் பலகை தொடங்கப்பட்டது.

கணக்குப் பிழைபடும் இடங்கள்

பலகையில் தோன்றும் எண் எல்லாம் உண்மை என்று நம்பிவிடலாகாது. ஒருவர் கோவில்பட்டி என்றும் மற்றொருவர் கோயில்பட்டி என்றும் பதிந்தால், கணினி அவற்றை இரண்டு ஊர்களாக எண்ணிவிடும். இதனைத் தவிர்க்க, ஊர்ப் பெயரைக் கையால் எழுதாமல் ஒரே பட்டியலிலிருந்து தெரிந்தெடுக்கச் செய்ய வேண்டும். ஒரே உழவர் மூன்று முறை அழைத்தால் மூன்று அழைப்புகள் என்பது சரி. மூன்று வயல்கள் என்பது தவறு. மக்காச்சோளம் மிகுதியாக உள்ள வட்டாரத்தில் பத்து அழைப்புகள் வருவதும், குறைவாக உள்ள வட்டாரத்தில் பத்து வருவதும் ஒன்றாகா.

இவை எல்லாவற்றினும் பெரிய பிழை ஒன்று உண்டு. பலகை பூச்சியை எண்ணுவதில்லை, அழைப்பையே எண்ணுகிறது. யாரும் அழைக்காத ஊருக்கு அது சுழியம் என்றே காட்டும். அச்சுழியத்தைக் கண்டு அவ்வூரில் தொல்லை இல்லை என்று கருதுவது ஆபத்தாகும். எனவே எண் ஏறிய இடத்திற்கு மட்டுமின்றி, அதை ஒட்டி மௌனமாக இருக்கும் ஊர்களுக்கும் வேளாண்மை அலுவலர்கள் சென்று வயலைப் பார்க்க வேண்டும். பயிரில் கண்டது இன்ன புழு என்று உறுதி செய்துகொள்ள, கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டு தோன்றிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் அறிவுரையையும் நாடலாம்.

நாம் செய்யத்தக்கவை

ஊராட்சி உறுப்பினர்கள் அழைப்பு எண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரிலும் நியாயவிலைக் கடையிலும் எழுதி வைக்கலாம். அழைப்போர் ஊர், வட்டாரம், பயிர், விதைத்த நாள் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கிராம சபையில் எடுத்துரைக்கலாம். தம் வட்டாரத்து எண்ணிக்கையை வாரந்தோறும் தெரிவிக்குமாறு வேளாண்மை அலுவலகத்தைக் கேட்கலாம். எண்ணிக்கையை ஊரறிய வெளியிடலாமேயன்றி, அழைத்தவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வெளியிடுதல் கூடாது.

நம் வயலில் கண்ட புழுவைப் பற்றி நாம் இன்று சொல்லும் ஒரு வார்த்தை, நாளை அடுத்த ஊராரின் பயிரைக் காக்கக்கூடும். சொல்லாமல் விட்ட செய்தியை எந்தக் கணினியும் எண்ணிக் காட்டாது. இதனை உணர்ந்து ஊர்தோறும் உழவர்கள் பேச முன்வருவார்களாக!