வெள்ளி என்ற பெயரில் பாதரசம்

சொத்தைப் பல்லைச் சுரண்டிவிட்டு அடைக்கும் சாம்பல் நிறப் பொருளை வெள்ளி அடைப்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெயரே உண்மையில் பாதியை மறைத்துவிடுகிறது. வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் தூளைப் பாதரசத்தோடு கலந்து பிசைந்ததுதான் அமல்கம். அதன் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். முன்பெல்லாம் அதைச் சிறு உரலில் இட்டுக் குழைத்து, மிஞ்சிய பாதரசத்தைத் துணியில் வைத்துப் பிழிந்தெடுத்தார்கள். இன்று அளந்து அடைத்த சின்னக் குப்பி எந்திரத்தில் குலுங்கி அந்த வேலையைச் செய்கிறது. மலிவு, உறுதி, ஈரப் பல்லிலும் நிற்கும் தன்மை ஆகியவற்றால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இது உலகெங்கும் ஏழைகளின் வாய்க்கு வந்து சேர்ந்தது. அதைக் குற்றம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வாயில் வைக்கும் முன் அது பாதரசம் என்று சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்று மறுக்கும் வழியும் நமக்கு இருந்தாக வேண்டும்.

இறுகிய பிறகும் அந்தப் பாதரசம் முழுக்க அடங்கிவிடுவதில்லை. மெல்லும்போதும், சூடான தேநீர் குடிக்கும்போதும், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும்போதும் துளித் துளியாக ஆவியாகிறது. மூச்சோடு போகும் அந்த ஆவியில் சுமார் 80 விழுக்காட்டை நுரையீரல் ஈர்த்துக்கொள்கிறது. அது இரத்தத்தில் கலந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். தாயின் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவையும் எட்டும். ஆனால் நஞ்சு என்பது அளவைப் பொறுத்தது. அடைப்பிலிருந்து வருவதோ மைக்ரோகிராம் கணக்கு. அமெரிக்காவிலும் போர்த்துகலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை 5 முதல் 7 ஆண்டுகள் கண்காணித்த இரண்டு ஆய்வுகள் 2006இல் வெளிவந்தன. அமல்கம் அடைத்த பிள்ளைகளின் சிறுநீரில் பாதரசம் கூடுதலாக இருந்தது. ஆனால் அறிவுத்திறனிலும் நரம்புச் செயல்பாட்டிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே தலைவலி முதல் மறதி வரை எல்லாப் பழியையும் அடைப்பின் மேல் போடுவது நேர்மையாகாது.

அப்படியானால் எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கலாம். அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். கருவுற்ற தாய்மார்களோ சிறுநீரகம் பழுதானவர்களோ அல்லர். அந்த இடைவெளியை உணர்ந்துதான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 செப்டம்பரில் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள், நரம்பு நோயாளிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு இதைத் தவிர்க்கச் சொன்னது. இனிப்பு நீர் வியாதியால் கிட்னி பழுதாவது நம் குடும்பங்களில் சகஜம் என்பதை இங்கே நினைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு அமல்கம் அடைப்பதை நிறுத்தியது. 2025 தொடக்கத்தில் பொதுவாகவே தடை செய்தது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினாமாத்தா உடன்படிக்கையின் நாடுகள், 2034க்குள் பல் அமல்கத்தைக் கைவிட 2025 நவம்பரில் ஜெனீவாவில் ஒப்புக்கொண்டன.

இந்தச் செய்திகள் மலேசியத் தோட்டப்புற ஊர்களான ஜெராமுக்கும் ஈஜோக்குக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் தாமாக வந்து சேர்வதில்லை. பாராகுவாட் களைக்கொல்லியில் தோட்ட மக்கள் பட்டது இதுதான். 2002இல் தடை அறிவித்தார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 சனவரியில்தான் அது முழுதாக நின்றது. அத்தனை ஆண்டுகளும் முதுகில் பம்பைச் சுமந்து மருந்தடித்தவர்களில் பலர் நம் பெண்கள். பாராகுவாட்டின் கொடுமையை அமல்கத்தோடு ஒப்பிட முடியாது. ஆனால் ஆபத்தைப் பற்றிய அறிவு கடைசியில்தான் தோட்டத்துக்கு வருகிறது என்பது இரண்டுக்கும் பொது.

எல்லா அடைப்பையும் பிடுங்கிவிடலாமா? கூடாது. துரப்பணம் படும்போதுதான் ஆவி மிகுதியாகக் கிளம்பும். நல்ல நிலையில் உள்ள அடைப்பை அப்படியே விடுவதே பாதுகாப்பு. உடைந்துபோய் எடுத்தே ஆக வேண்டுமென்றால் ரப்பர் திரை கட்டி, தண்ணீர் தெளித்து, வலுவாக உறிஞ்சும் குழாய் வைத்து எடுக்கச் சொல்ல வேண்டும். அமல்கத்துக்கு மாற்றான வெள்ளை அடைப்புக்குச் செலவு அதிகம், ஆயுள் குறைவு என்பது பெரிய கடைவாய்ப் பல் குழிகளைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் பிள்ளைகளின் பால் பல்லுக்கு கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புப் பொருள் இருக்கிறது. துரப்பணமோ மின்சாரமோ இல்லாமல் கைக்கருவியால் சுரண்டியே அதை அடைக்கலாம். அதைக் குறைந்த கட்டணத்தில் தர வேண்டியது அரசாங்கத்தின் பொறுப்பு. பாதுகாப்பானதை வசதி உள்ளவன் மட்டும் வாங்கிக்கொள்ளட்டும் என்று விடுவது நியாயமல்ல.

உரிமை நம் கையில்தான் தொடங்குகிறது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளையின் பையில் பல் சிகிச்சைக்கான அனுமதிப் பாரம் வரும்போது மலாய் தெரியவில்லை என்று கண்ணை மூடிக் கையெழுத்துப் போடாதீர்கள். படித்துக் காட்டச் சொல்லுங்கள். “அமல்கம் வேண்டாம், வேறு அடைப்பு போடுங்கள்” என்று எழுதுங்கள். கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்தால், என்ன பொருள், மாற்று உண்டா, எவ்வளவு ஆகும் என்று வாய் திறக்கும் முன் கேளுங்கள். கர்ப்பமோ கிட்னிக் கோளாறோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தவறு நடந்தாலும் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவச் சேவைக்குப் பொருந்தாது. ஆகவே பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு அலைய வேண்டாம். தனியார் கிளினிக்காக இருந்தால், 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள் சட்டப்படி அங்கேயே எழுத்து மூலம் புகார் கொடுங்கள். அடுத்து சுகாதார அமைச்சு, மருத்துவரின் நடத்தை பற்றியதென்றால் மலேசிய பல் மருத்துவ மன்றம். ரசீதையும் சிகிச்சைக் குறிப்பின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். 2034 வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்து வரும் பாரத்திலேயே அந்த ஒரு வரியை எழுதிவிடலாம்.