வால்வு ஆம்ப்ளிஃபையரில் வோல்டேஜை இறக்குவது எப்படி?

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை மாணவன்)



நம்ம எலெக்ட்ரானிக்ஸ் லேபில் நாம் கையாளும் டி.சி. பவர் சப்ளை 30 வோல்ட். அதன் இரண்டு முனைகளையும் காய்ந்த விரலால் தொட்டாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. அந்தத் தைரியத்தோடு ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையரின் மூடியைத் திறக்கப் போகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. வால்வின் ப்ளேட்டுக்குப் போவது 250 முதல் 400 வோல்ட் வரையிலான டி.சி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கண்டென்சருக்குள் உட்கார்ந்திருக்கும்.

"வால்வா? தாத்தா காலத்துச் சமாச்சாரமாச்சே!" என்று கேட்பீர்கள். கித்தார் வாசிப்பவர்கள் இன்றும் அதைத்தான் தேடுகிறார்கள். சத்தத்தை அளவுக்கு மேல் ஏற்றும்போது டிரான்சிஸ்டர் வெட்டினாற்போல் கரகரக்கும். வால்வு மெதுவாகக் குழைந்து உடையும். பெங்களூரில் 1954ல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. இப்போது ஸ்லோவாகியா, ரஷ்யா, சீனாவிலிருந்து புது வால்வு வருகிறது. விலை நம்ம பாக்கெட்டுக்குத் தாங்காது என்பது வேறு விஷயம்.

அத்திப்பட்டில் எங்கள் அடுத்த தெரு அண்ணன் ஒருவர் கேரல் ரவுண்டுக்குக் கித்தார் வாசிப்பவர். பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய ட்ரான்ஸ்பார்மரை வைத்து அவரே ஒரு செட் கட்டியிருந்தார். ரெக்டிஃபையர் இ.இசட்.81, முன்னால் இ.சி.சி.83, அவுட்புட்டுக்கு இ.எல்.84 ஒன்று. பாட்டு நன்றாகத்தான் வந்தது. ஆனால் பத்து நிமிஷத்தில் இ.எல்.84க்குள் ப்ளேட் லேசாகச் சிவந்தது. "டிப்ளமோ படிக்கிற பையன்தானே, நீ பாருடா தம்பி" என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

இந்த மாதிரி நேரத்தில் பலரும் செய்வது, ப்ளேட்டுக்குப் போகும் லைனில் ஒரு ரெசிஸ்டன்ஸை மாட்டிவிடுவது. அது இரண்டாவது வேலை. முதல் வேலை சுவரில் இருக்கிற பிளக் பாயிண்டை அளப்பது.

எங்க அப்பாவுக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். "இதோ பக்கத்துலயே கரண்டு தயாராவுது. அப்புறம் ஏன் சாயங்காலம் ஃபேன் மெதுவா சுத்துது, நடுராத்திரில பறக்குது?" வீட்டில் படித்த ஆள் நான் ஒருவன்தான் என்பதால் கேள்வி எப்போதும் என்னிடம்தான் வரும். வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட் 1994ல் ஓடத் தொடங்கியது. முதல் கட்டத்தில் 210 மெகாவாட் யூனிட்டுகள் மூன்று. ஜெனரேட்டரில் பிறக்கும் 15.75 கே.வி.யை 230 கே.வி.யாக ஏற்றி அனுப்பி, துணை மின் நிலையங்களில் படிப்படியாக 11 கே.வி.யாக இறக்கி, தெருமுனை ட்ரான்ஸ்பார்மருக்குக் கொண்டுவருகிறார்கள். ஆகவே மின் நிலையம் பக்கத்தில் இருப்பதற்கும் நம் வீட்டு வோல்டேஜுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. தெருமுனை ட்ரான்ஸ்பார்மர்தான் கணக்கு. அது சுமை இல்லாதபோது இரண்டு பேஸுக்கு நடுவே 433 வோல்ட் தரும்படி செய்யப்பட்டது. 1.732 ஆல் வகுத்தால் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 250! ராத்திரி எல்லோரும் தூங்கியபின் ட்ரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டில் 245 நிற்பது இதனால்தான். சாயங்காலம் தெருவே மோட்டார் போட்டால் கடைசி வீட்டில் 210க்கு இறங்கும். பெயருக்குத்தான் 230. (அப்பா இதைக் கேட்டுவிட்டு, "சரி, எத்தனை மார்க்கு இதுக்கு?" என்றார்.)

அண்ணன் வீட்டில் ராத்திரி 245. அவர் ட்ரான்ஸ்பார்மரை இணைத்திருந்ததோ 220 டேப்பில். அப்படியானால் எல்லா செகண்டரியும் பதினோரு சதவீதம் கூடுதலாகத் தரும். 250 வோல்ட் சுற்று 278 தரும். ஹீட்டருக்கான 6.3 வோல்ட் 7 ஆகிவிடும். வால்வின் ஹீட்டர் பத்து சதவீதம் கூடக்குறையத் தாங்கும், அதாவது 5.7 முதல் 6.9 வரை. நான் சொல்ல வருவது இதுதான்: ஹீட்டர் வோல்டேஜ் அதிகமாக இருந்தால் கோளாறு ப்ரைமரியில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ப்ளேட் லைனில் மட்டும் ரெசிஸ்டன்ஸ் போட்டால், ப்ளேட் சரியாகும், ஹீட்டர் வெந்துகொண்டே இருக்கும். மலிவாகக் கிடைப்பதும், பயமில்லாமல் அளக்கக் கூடியதும் அந்த 6.3 தான். முதலில் அதைக் கேளுங்கள்.

பழைய ரேடியோ ட்ரான்ஸ்பார்மர் பலவற்றில் 240 அல்லது 245க்கு ஒரு டேப் இருக்கும். இருந்தால் மாற்றி இணைத்தால் வேலை முடிந்தது. இதில் அந்தக் கம்பி உள்ளேயே அறுந்திருந்தது. எனவே 12 வோல்ட், 1 ஆம்பியர் சின்ன ட்ரான்ஸ்பார்மர் ஒன்றை எடுத்து, அதன் செகண்டரியை மெயின்ஸோடு சீரியஸாக, எதிர்த் திசையில் இணைத்தோம். 245 வந்தால் 232 தான் உள்ளே போகும், ஹீட்டர் 6.65. திசை மாற்றிப் போட்டால் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிடும். ஆகவே ஆம்ப்ளிஃபையரை மாட்டுமுன் மீட்டரில் பார்த்துக்கொள்ள வேண்டும். 24 வோல்ட் ட்ரான்ஸ்பார்மர் போட்டால் ராத்திரிக்கு இன்னும் அழகாக இருக்குமே என்று அண்ணன் கேட்டார். ராத்திரிக்கு சரி. சாயங்காலம் 210 வரும்போது ஹீட்டர் 5.4க்குப் போய்விடும், அதுவும் வால்வுக்குக் கெடுதல். 12 போட்டால் அப்போதும் 5.7 கிடைக்கிறது. இன்னொன்று: இந்த 12 வோல்ட் சுற்று இப்போது மெயின்ஸோடு சேர்ந்தது. பார்க்க 12 வோல்ட், தொட்டால் 230. மூடிய பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

இதற்கப்புறம்தான் ப்ளேட். ப்ளேட்டில் 312 வோல்ட், கேத்தோடில் 9.6. கேத்தோட் ரெசிஸ்டன்ஸ் 150 ஓம் என்பதால் கரண்டு 64 மில்லி ஆம்பியர். அதில் ஸ்கிரீனுக்குப் போவது சுமார் 7 என்று கழித்தால் ப்ளேட்டுக்கு 57. அதை 302ஆல் பெருக்குங்கள், 17 வாட்டுக்கு மேல். இ.எல்.84 தாங்குவது 12 வாட். சிவக்காமல் என்ன செய்யும்? ஏறக்குறைய 55 வோல்ட்டை இறக்க வேண்டும், ஓடப்போவது 55 மில்லி ஆம்பியர். ஓம் விதிப்படி 1 கே. அதில் வீணாகும் சக்தி 3 வாட், ஆனால் 10 வாட் செராமிக் ரெசிஸ்டன்ஸ் போட்டோம்; 5 வாட் போட்டால் கை வைக்க முடியாதபடி சுடும். முதல் கண்டென்சருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மாட்டியதால் ஹம்மும் குறைந்தது. இப்போது ப்ளேட்டில் 254, கேத்தோடில் 7.6, சக்தி 11 வாட்டுக்குச் சற்று மேல்.

இங்கே ஒரு பொறி உண்டு. ரெசிஸ்டன்ஸ் வோல்டேஜை இறக்குவது கரண்டு ஓடும்போது மட்டுமே. இ.எல்.84ஐக் கழற்றிவிட்டு ஆன் செய்தால் இரண்டாவது கண்டென்சருக்கும் முழு 370 வோல்ட் ஏறும். "இப்பத்தான் 266 தானே, 300 வோல்ட் கண்டென்சர் போதும்" என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். எல்லாமே 450 வோல்ட்.

இனி உயிர் விஷயம்.

இரண்டு 47 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர்களுக்கு மேல் 220 கே, 2 வாட் ரெசிஸ்டன்ஸ் ஒன்றை நிரந்தரமாக சால்டர் செய்துவிட வேண்டும். ஆஃப் செய்த 40 வினாடியில் 350 வோல்ட் 50க்கு இறங்கும். இரண்டு நிமிஷத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இருந்தாலும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் விரல் உள்ளே போகக் கூடாது. அந்த ரெசிஸ்டன்ஸே அறுந்திருக்கலாம் அல்லவா! ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடும் வித்தை வேண்டாம், கண்டென்சரும் கெடும், கண்ணுக்கும் ஆபத்து.

ஆன் நிலையில் அளக்கும்போது மீட்டரின் கறுப்பு வயரை முதலைக் கிளிப்பால் சேசிஸில் கடிக்கவிட்டு, ஒரு கையை பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்டு நெஞ்சு வழியாகப் போகும். காலில் ரப்பர் செருப்பு, கூட ஒரு ஆள். "எங்க வீட்ல ஆர்.சி.சி.பி. இருக்கு, டிரிப் ஆயிடும்" என்று ஒரு நண்பன் சொன்னான். ஆகாது! ட்ரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் நடப்பது எதுவும் ஆர்.சி.சி.பி.க்குத் தெரியாது. கண்டென்சர் கொடுக்கும் ஷாக்கை அது பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

முதல் தடவை ஆன் செய்யும்போது சீரிஸில் 60 வாட் குண்டு பல்பு. ஒரு முறை மின்னி மங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு மாட்டியிருக்கும்போது அளக்கிற வோல்டேஜ் குறைவாகவே காட்டும் என்பதால் ப்ளேட் கணக்கை அப்போது போடாதீர்கள்.

சேசிஸ் கட்டாயம் எர்த் ஆகியிருக்க வேண்டும். ஹம் வருகிறது என்று எர்த் கம்பியைக் கழற்றிவிடும் பழக்கம் நம்ம மைக் செட் பக்கம் உண்டு. கித்தாரின் கம்பிகள் சேசிஸோடு சேர்ந்தவை. வாசிப்பவரின் கை கம்பியில், உதடு மைக்கில். இரண்டில் ஒன்றில் மெயின்ஸ் கசிந்தால் போதும். ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கித்தார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே 3ல், பிரிட்டனின் ஸ்வான்சி நகர மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப் 1976ல் தன் வீட்டிலேயே கித்தார் வாசிக்கும்போது கரண்டு தாக்கி இறந்தார். அண்ணனின் செட்டில் இரண்டு பின் பிளக்தான் இருந்தது. மூன்று பின் மாட்டி, எர்த்தை சேசிஸில் தனி போல்ட் போட்டு முறுக்கிய பிறகுதான் கித்தாரை அவர் கையில் கொடுத்தேன்.

அவருக்கு ஒரே குறை. "வோல்டேஜ எறக்கிட்டியே, சவுண்டு கம்மியாயிடாதா?" காதுக்குத் தெரியாதுண்ணே என்றேன். 5 வாட்டை 10 ஆக்கினாலும் 3 டெசிபல்தான் கூடும். 92 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 98 டெசிபல் ஸ்பீக்கர் போட்டால், நாலு மடங்கு வாட் போட்ட மாதிரி. அடுத்த ஞாயிறே கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்து சென்ட்ரலில் இறங்கி, ரிட்சி தெருவில் ஸ்பீக்கர் தேடப் போய்விட்டார். அங்கே ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடை பூட்டியிருக்கும் என்று சொல்வதற்குள்.