தணிப்பு உறக்க ஆய்வுகளின் சிக்கல்கள்

தணிப்பு உறக்கம் என்பது, இறக்கும் தறுவாயில் உள்ள நோயாளியின் மூச்சுத்திணறல், கடும் மனக்குழப்பம் போன்ற துன்பங்கள் வேறு எம்மருந்துக்கும் அடங்காதபோது, மிடசோலம் போன்ற மருந்துகளால் அவரது உணர்வுநிலையைக் குறைப்பதாகும். பரவலாகக் கையாளப்பட்டாலும் இதற்கு உறுதியான சான்றுகள் குறைவு. 2015இல் வெளியான காக்ரேன் மீளாய்வு 4,167 பேரை உள்ளடக்கிய 14 ஆய்வுகளைத் திரட்டியது. அவற்றுள் ஒன்றுகூடச் சமவாய்ப்புச் சோதனை அன்று.

தாங்கவியலா வேதனையில் இருப்பவருக்குச் சீட்டுக் குலுக்கி மருந்தை மறுப்பது அறமாகாது. எனவே பெரும்பாலும் மருத்துவப் பதிவேடுகளே ஆய்வுக்கு அடிப்படையாகின்றன. ஆனால் அறிகுறிகள் கடுமையாக உள்ளவர்களுக்கே உறக்கம் தரப்படுவதால், அது பெறாதவர்களோடு ஒப்பிடுவது எளிதன்று. 2009இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்று, ஒத்த தன்மையுடைய இரு குழுக்களாக 518 பேரைக் கவனித்தது. உறக்கம் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 12 நாட்கள். பெறாதோருக்கு 9 நாட்கள். உறக்கம் மரணத்தை விரைவுபடுத்தும் என்ற அச்சத்தை இது தணிக்கிறது. ஆயுளை நீட்டுகிறது என்று பொருள்கொள்ளலாகாது.

பெயரும் குழப்பமானது. விட்டுவிட்டுத் தரும் இலேசான உறக்கமும், இறப்புவரை தொடரும் ஆழ்ந்த உறக்கமும் சில ஆய்வுகளில் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன.

இவற்றைவிடக் கடினமானது வேறொன்று. வேதனை நீங்கியதா என்று உறங்குபவரிடம் கேட்க முடியாது. ஆய்வுக்கான ஒப்புதலையும் நினைவு தெளிவாக உள்ளபோதே பெற வேண்டும். அந்நிலையில் நோயாளியிடம் படிவம் நீட்டப் பலரும் தயங்குவர். தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து வந்த ரிச்மண்ட் அளவுகோல், குரலுக்கும் தொடுதலுக்கும் நோயாளி காட்டும் எதிர்வினையை அளக்கிறது. மற்றவை செவிலியரும் உறவினரும் முகத்தைப் பார்த்துச் சொல்பவை.