இரண்டு வினாடி ஒலிக்கு எத்தனை கையெழுத்து?

அண்மையில் என் பேரன் தன் அறையில் 'டிரான்ஸ்' எனப்படும் மின்னணு இசைத் தொகுப்பொன்றை ஒலிக்கவிட்டிருந்தான். இடைவிடாத முரசொலி, அதன்மீது மெல்லத் திரண்டெழும் சுரங்கள். அவற்றினிடையே திடீரென ஒரு பழைய ஹாலிவுட் குரல். இங்கிலாந்தின் ஜூனோ ரியாக்டர் குழு 1997இல் வெளியிட்ட 'பைபிள் ஆஃப் ட்ரீம்ஸ்' தொகுப்பு அது. அதிலுள்ள 'காட் இஸ் காட்' பாடலில் ஒலித்தது, 1956இல் செசில் பி. டிமில் இயக்கிய 'தி டென் கமாண்ட்மென்ட்ஸ்' படத்தின் வசனத் துணுக்கு.

"இது திருட்டு ஆகாதா?" என்றேன். "இல்லை தாத்தா, இதற்கு சாம்பிள் என்று பெயர்" என்றான்.

பல்லாண்டுகள் பொருளியல் கற்பித்த எனக்கு அந்தப் பதில் போதவில்லை. சொத்துரிமை வலுவாக இருந்தால்தான் படைப்பு பெருகும் என்று வகுப்பில் சொல்லி வந்தவன் நான். ஆயினும் அக்கருத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

சொற்கள் அரிதான நீண்ட இசையில், ஒரு திரைக்குரல் கேட்பவரின் நினைவைத் தொட்டு எழுப்புகிறது. ஆனால் சில வினாடிக் குரலை முறைப்படி எடுத்தாள, படத்தின் உரிமையாளரை அணுக வேண்டும். பின்னணியில் இசை ஒலித்தால் அதன் உரிமையாளர்களையும், சில நேரங்களில் நடிகரையும் அணுக வேண்டும். ஒருவர் மறுத்தாலும் முயற்சி நின்றுவிடும். பங்காளிகள் பலர் பெயரில் உள்ள கூட்டுப் பட்டா நிலத்தில், ஒருவர் கையெழுத்திடாவிட்டால் நிலம் தரிசாகக் கிடப்பது போன்றது இது. மேய்ச்சல் புறம்போக்கு அளவுமீறிய பயன்பாட்டால் அழியும். இங்கோ, பயன்பாடே இல்லாமல் வளம் வீணாகிறது. அமெரிக்கச் சட்ட அறிஞர் மைக்கேல் ஹெல்லர் 1998இல் விளக்கிய அவலம் இதுவே.

திரைப்படத் துணுக்கு அல்லவெனினும், ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு தொடுத்த வழக்கு இதற்குச் சான்று. 1977இல் அக்குழு பதிவு செய்த இசையின் ஏறத்தாழ இரண்டு வினாடித் தாளம் 1997இல் வேறொரு பாடலில் இடம்பெற்றது. அதன் மீதான வழக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீண்டது. காதுக்கு அடையாளம் தெரியாதவாறு மாற்றினாலன்றி, மிகச் சிறிய துணுக்குக்கும் அனுமதி வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் கூறியது. பெருநிறுவனங்கள் வழக்கறிஞர்களை அமர்த்திக்கொள்ளும். வீட்டறையில் கணினியோடு அமர்ந்திருக்கும் இளைஞன் ஒன்று சட்டத்தை மீறுவான், அல்லது படைப்பையே கைவிடுவான்.

அதற்காக, உரிமையாளர்க்கு ஒன்றும் தரவேண்டாம் என்பதன்று என் வாதம். அக்குரலுக்குப் பின்னே நடிகர், எழுத்தாளர், ஒலிப்பதிவாளர் எனப் பலரது உழைப்பு இருக்கிறது. தீர்வுக்கான முன்மாதிரி நம் சட்டத்திலேயே உள்ளது. 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவின்படி, ஐந்தாண்டுகள் கடந்த ஒரு பாடலை, முன்னறிவிப்புக் கொடுத்து, நிர்ணயிக்கப்பட்ட ராயல்டியைச் செலுத்தி, எவரும் மீண்டும் பாடிப் பதிவு செய்யலாம். முழுப் பாடலுக்கு வழி இருக்கிறது. இரண்டு வினாடித் துணுக்குக்கு இல்லை!

துணுக்கின் நீளத்துக்கு ஒரு வரம்பு, நிர்ணயித்த கட்டணம், மூலப் படைப்பின் பெயரைக் குறிப்பிடும் கடமை, படைப்பைச் சிதைத்து இழிவுபடுத்தினால் மறுக்கும் உரிமை ஆகிய நான்கையும் கொண்ட ஓர் உரிம முறை போதும். உரியவருக்குப் பணம் சேரும். புதியவருக்கு வாசல் திறக்கும்.

என் பேரனிடம் நான் கேட்ட கேள்வி தவறானதன்று. ஆனால் நேர்மையாகக் கேட்டு வாங்க விரும்புபவனுக்கு நாம் என்ன வழி வைத்திருக்கிறோம் என்பதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.